ஏரி வாரியம் இருக்க ‘நீர் வாரியம்’ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் நெதர்லாந்து பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாகப் படித்தேன், ஏனென்றால் அந்த நாடு நிலத்தையும் தண்ணீரையும் எப்படிப் பேணுகிறது என்பதற்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை முழுப் பக்கம் ஒதுக்குவது அபூர்வம். இரண்டாவது தடவை கையில் பேனா இருந்தது. அங்கே நகராட்சி போடும் நிலத் திட்டத்துக்கு ‘மண்டலத் திட்டம்’ என்றும், தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புக்கு ‘நீர் வாரியம்’ என்றும், 1905-ல் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பெயரை ‘இயற்கை நினைவுச்சின்னங்கள்’ என்றும் போட்டிருந்தீர்கள். எழுதியவரைக் குறை சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அவருக்குக் கிடைத்த ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். டச்சு மொழியிலிருந்து அந்த மாதிரி ஆங்கிலத்தைச் செய்து கொடுப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சிவில் படித்தவள். கணவர் வேலைக்காக உட்ரெக்ட் நகரத்தில் ஒன்பது வருடம் இருந்தோம், அங்கே டச்சு கற்றுக்கொண்டேன், இப்போது கே.புதூரில் வீட்டிலிருந்தபடியே அந்த ஊர் திட்ட ஆவணங்களையும் சுற்றுச்சூழல் அறிக்கைகளையும் ஆங்கிலத்தில் பெயர்க்கிறேன். வெளிநாட்டு முதலீட்டாளர்கள், ஐரோப்பிய ஒன்றியத்து அலுவலகங்கள், எல்லை தாண்டி இருக்கும் ஜெர்மன்காரர்கள் என்று பலருக்கும் அது ஆங்கிலத்தில் வேண்டியிருக்கிறது. அவர்கள் யாருக்குமே ஆங்கிலம் தாய்மொழி இல்லை. டச்சுக்காரர் நினைத்ததை மதுரையில் இருக்கும் நான் ஆங்கிலத்தில் எழுதி, அதை ஜெர்மன்காரர் ஒருவர் படித்து, ஒரு நிலத்தின் தலையெழுத்தை முடிவு செய்கிறார் என்றால் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘மண்டலத் திட்டம்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். டச்சில் அது பெஸ்டெமிங்ஸ்பிளான். பெஸ்டெமிங் என்றால் போய்ச் சேரும் இடம். ரயில் நிலையத்தில் வண்டி எங்கே போகிறது என்பதற்கும் அதே சொல்தான். அதாவது இந்த நிலம் எதற்காக என்று விதித்திருக்கிறோம், இது என்னவாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்து, வரைபடத்தோடும் விதிகளோடும் எழுதி வைப்பது. ஆங்கிலத்தில் இதற்குப் பாதிப்பேர் ‘ஜோனிங் பிளான்’ என்று எழுதுகிறார்கள். ஜோனிங் அமெரிக்கச் சொல், 1916-ல் நியூயார்க் நகரம் கொண்டுவந்த விதிகளோடு பிரபலமானது, ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். சரி, பிரிட்டிஷ் சொல்லைப் போடலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். 1947-ல் அவர்கள் போட்ட நகர் ஊரமைப்புச் சட்டப்படி திட்டம் என்பது ஒரு வழிகாட்டி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் அனுமதி கொடுக்கும்போது அதிகாரிகள் தனித்தனியாக எடைபோட்டுப் பார்ப்பார்கள். டச்சுத் திட்டம் அப்படி இல்லை. அது எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டம். மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்து, விண்ணப்பம் திட்டத்தோடும் ஒத்துப்போனால் நகராட்சி அனுமதியை மறுக்க முடியாது. ஆக, அமெரிக்க ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு மாதிரி தவறு, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் எழுதினால் இன்னொரு மாதிரி தவறு. நம் தமிழ்நாட்டின் 1971-ஆம் வருடத்துச் சட்டம் பிரிட்டிஷ் வழியில் வந்தது, ‘நகர் ஊரமைப்பு’ என்ற பெயரே அங்கிருந்து வந்த மொழிபெயர்ப்புதான். அதனால் நம் ஆட்களுக்கு அந்த ஆங்கிலம் ரொம்பப் பழகிய மாதிரி தோன்றும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நானே இதில் தவறியிருக்கிறேன். வேலை தொடங்கிய புதிதில் ஒரு ஆவணத்தில் ‘நாட்யூர்’, அதாவது இயற்கை, என்று பெஸ்டெமிங் கொடுக்கப்பட்ட நூறு ஏக்கர் சொச்ச நிலத்தைப் பற்றி வந்தது. ‘இயற்கைப் பகுதி’ என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். படித்தவர்கள் அங்கே காடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, தங்கள் கணக்கில் காடாகவே சேர்த்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஒரு விவசாயி புல் வளர்த்து மாடு மேய்க்கும் நிலம். இயற்கைக்கு என்று விதித்திருந்தார்கள், ஆனால் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. திட்டம் வருவதற்கு முன்பு சட்டப்படி நடந்துவந்த பயன்பாடு தொடரலாம் என்று இடைக்கால விதி ஒன்று அந்தத் திட்டங்களில் இருக்கும், அதன்படி அவர் மாடு மேய்ப்பதை யாரும் தடுக்க முடியாது. என் ஒரு வார்த்தையால், மாடு நின்ற இடத்தில் தாளில் மரம் முளைத்துவிட்டது. திருத்தம் அனுப்பி அது சேர வேண்டிய எல்லாரிடமும் சேர்வதற்கு இரண்டு மாதம் ஆனது. அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: இந்த மாதிரிச் சொல் முதல் தடவை வரும்போது டச்சுச் சொல்லை அப்படியே போட்டு, அது என்ன செய்யும், யாரைக் கட்டுப்படுத்தும் என்று ஒரு வாக்கியம் எழுதிவிடுவேன். வாடிக்கையாளர் சில பேர் இடத்தை அடைக்கிறது என்பார்கள். அடைக்கட்டும்.

2024 ஜனவரி 1 முதல் அந்தச் சொல்லே மாறிவிட்டது என்பதையும் உங்கள் கட்டுரை கவனிக்கவில்லை. 26 சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து ஓம்கேவிங்ஸ்வெட் என்று ஒரே சட்டமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், பல தடவை தள்ளிப்போட்டுக் கடைசியில் அன்றைக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய திட்டத்தின் இடத்தில் இப்போது ஓம்கேவிங்ஸ்பிளான். ஓம்கேவிங் என்றால் சுற்றி இருப்பது எல்லாம்: வீடு, தெரு, மண், தண்ணீர், சத்தம், காற்று. ‘சுற்றுச்சூழல்’ என்று சொல்லிவிடலாமே என்றால் டச்சில் அதற்கு மிலியு என்று வேறு சொல் ஏற்கெனவே இருக்கிறது, மாசு, கழிவு என்று வரும்போது அதைத்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘என்விரான்மென்ட்’ தான். அதனால் அந்த அரசாங்கமே ஆங்கிலத்தில் பெயர் வைக்கும்போது ‘என்விரான்மென்ட் அண்ட் பிளானிங்’ சட்டம் என்று இரண்டு சொல்லாக உடைத்துக்கொண்டது. நல்ல முடிவு என்பது என் எண்ணம். தமிழில் ‘சுற்றுப்புறச் சட்டம்’ என்று சொன்னால் மூலத்துக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, ஏனென்றால் நம்மிடம் சுற்றுப்புறம், சுற்றுச்சூழல் என்று இரண்டு சொல் தனித்தனியாக இருக்கிறது. ஆங்கிலம் வழியாக வந்தால் இந்த வசதியை நாமே இழந்துவிடுகிறோம்.

அடுத்தது ‘இயற்கை நினைவுச்சின்னங்கள்’. நாட்யூர்மொன்யுமென்டன் என்பது அந்தச் சங்கத்தின் பெயர். ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் நார்டர்மேர் என்று ஒரு ஏரி, 1904-ல் நகரத்துக் குப்பையை அதில் கொட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. எதிர்ப்பு கிளம்பி அந்த யோசனை தோற்றுப்போனது, ஆனால் நாளைக்கு மறுபடியும் யாராவது கேட்பார்கள் என்று பயந்து, 1905-ல் சங்கம் தொடங்கி, 1906-ல் அந்த ஏரியையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். அங்கே மொன்யுமென்ட் என்பது இறந்ததை நினைக்க வைத்த கல் இல்லை, காப்பாற்றி வைக்க வேண்டிய பொக்கிஷம். நினைவுச்சின்னம் என்று தமிழில் படித்ததும் எனக்குக் காந்தி மியூசியமும் சமாதிகளும்தான் மனதில் வந்தன, ஏரியும் நாரையும் வரவில்லை.

நாட்யூர் என்ற சொல்லே ஆங்கிலத்தில் சரியாக உட்காராது. மனிதன் கை படாததைத்தான் இயற்கை என்று நாமும் ஆங்கிலேயரும் நினைக்கிறோம். டச்சுக்காரர் நிலத்தில் கால்வாசி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, கை படாமல் இருந்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். அதனால் அவர்கள் ‘நாட்யூர்ஒன்ட்விக்கெலிங்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், இயற்கையை உண்டாக்குவது, வளர்த்தெடுப்பது. ஆங்கிலத்தில் ‘நேச்சர் டெவலப்மென்ட்’ என்று நேராக எழுதினால் படிக்கிறவர் அங்கே ரிசார்ட் கட்டப்போகிறார்கள் என்று நினைப்பார், ஏனென்றால் ஆங்கிலத்தில் டெவலப்மென்ட் என்றால் கட்டடம். முழுக்க எதிர்ப்பொருள். ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்று ஒரு இடம், 1968-ல் தண்ணீரை இறைத்து எடுத்த புது நிலத்தில் தொழிற்சாலைகளுக்கு என்று ஒதுக்கிய மூலை. வேலை தொடங்கத் தாமதமானதும் தண்ணீர் தேங்கி நாணல் வளர்ந்து பறவைகள் வந்து இறங்கிவிட்டன, அப்புறம் அதைக் காப்பிடமாகவே விட்டுவிட்டார்கள், இன்றைக்கு ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் இருக்கிறது. மனிதன் கடலிலிருந்து எடுத்த நிலத்தில் வந்த இயற்கை. இதற்கு ஆங்கிலத்தில் நான் பெரும்பாலும் ‘ஹேபிடட் கிரியேஷன்’ என்று பொருள் வரும்படி, வாழிடம் உருவாக்குதல் என்று எழுதுகிறேன். அது கொஞ்சம் சுருங்கின பொருள்தான், ஆனால் யாரையும் தப்பான பக்கம் அனுப்பாது.

இன்னொன்று, ‘ரோட் ஃபோர் க்ரூன்’. பச்சைக்காகச் சிவப்பு. அங்கே திட்டக்காரர்கள் பேச்சில் சிவப்பு என்றால் கட்டடம், பச்சை என்றால் இயற்கை, நீலம் என்றால் தண்ணீர். ஒருவர் கிராமப்புறத்தில் சில வீடு கட்டிக்கொள்ள அனுமதி வாங்குகிறார், பதிலுக்கு அந்தப் பக்கத்தில் இயற்கைக்கு நிலமோ பணமோ கொடுக்கிறார். ஆங்கிலத்தில் நிறம் நிறமாகவே பெயர்த்து வந்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன், படிப்பவர் டிராஃபிக் சிக்னலைப் பற்றியா என்று கேட்பார். ‘கெடோகன்’ என்றும் ஒன்று உண்டு. சட்டப்படி தவறுதான், ஆனால் இப்போதைக்கு நடவடிக்கை எடுப்பதில்லை என்று அதிகாரிகள் தெரிந்தே, சில சமயம் எழுத்தாகவே முடிவெடுப்பது. நம் ஊரில் கண்டும் காணாமல் விடுவது என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் அந்தத் தாளில் இருக்கிறது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

வாட்டர்ஸ்காப் என்பதை ‘நீர் வாரியம்’ என்று போட்டீர்கள். ஆங்கிலத்தில் ‘வாட்டர் போர்டு’ என்றுதான் இருக்கும், அவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் வாரியம் என்றால் குடிநீர் வடிகால் வாரியம், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் போன் போடும் இடம். வாட்டர்ஸ்காப் குடிநீர் கொடுப்பதில்லை, அதற்கு அங்கே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. கரையைக் காப்பது, வாய்க்காலைத் தூர்வாருவது, எந்த வயல்வெளியில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கலாம் என்று முடிவு செய்வது, கழிவுநீரைச் சுத்தப்படுத்துவது, இவைதான் அதன் வேலை. மொத்தம் 21 இருக்கின்றன. தனியாக வரி போடுகிறார்கள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. ரைன்லாண்ட் என்ற இடத்தில் இருக்கும் ஒன்று 1255-லேயே ஆவணத்தில் வந்துவிட்டது, அந்த நாடு உருவாவதற்கு எவ்வளவோ முன்னால். யாருக்குத் தண்ணீரால் லாபநஷ்டமோ அவர் பணம் கொடுப்பார், பணம் கொடுப்பவர் பேசுவார் என்பது அவர்களுடைய பழைய கொள்கை.

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? உத்திரமேரூர்க் கல்வெட்டில் ‘ஏரி வாரியம்’ என்றே இருக்கிறதே. முதலாம் பராந்தகன் காலம், 919, 921 என்று இரண்டு கல்வெட்டு, குடவோலையில் ஆள் எடுத்து ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் வைத்தார்கள். நிலம் உள்ளவர்கள், படித்தவர்கள் மட்டும்தான் அதில் இருக்க முடிந்தது என்பது உண்மை, இன்றைய தேர்தல் மாதிரி இல்லை. ஆனால் ரைன்லாண்டிலும் அன்றைக்கு எல்லாரும் உட்கார்ந்துவிடவில்லை. தண்ணீருக்காகவே, தண்ணீரால் பிழைப்பவர்களிலிருந்தே எடுத்த ஒரு அவை என்ற பொருள் ‘ஏரி வாரியம்’ என்றதும் நம் ஆட்களுக்கு உடனே புரியும். ஆங்கில ‘போர்டு’ வழியாகச் சுற்றி வந்து அதே ‘வாரியம்’ என்ற சொல்லில் தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

வாட்டர்ஹாய்ஸ்ஹவுடிங் என்று அவர்களிடம் ஒரு சொல். ஹாய்ஸ்ஹவுடிங் என்றால் குடித்தனம், வீட்டு வரவு செலவு, சமையல், துணி துவைப்பது எல்லாம். ஆக அது நீர்க் குடித்தனம். ஆங்கிலத்தில் ‘வாட்டர் மேனேஜ்மென்ட்’ என்று எழுதுகிறேன், வேறு வழியில்லை, எழுதும்போதெல்லாம் அந்த வீட்டு வாசனை போய்விடுகிறது. தமிழில் ‘நீர் மேலாண்மை’ என்று கட்டுரையில் இருந்தது. தவறில்லை. ஆனால் ஒரு தடவையாவது நீர்க் குடித்தனம் என்று எழுதிப் பாருங்கள், இருப்பதை வைத்து நடத்துவது, பக்கத்து வீட்டோடு சண்டை, வெயில் காலத்துக்கு எடுத்து வைப்பது, அத்தனையும் அதற்குள் வந்துவிடும்.

பெய்ல்பெஸ்லாய்ட் என்பது அந்த அவை போடும் நீர்மட்ட ஆணை. கோடையில் இந்த உயரம், குளிர்காலத்தில் இந்த உயரம் என்று சென்டிமீட்டர் கணக்கில் எழுதி வைப்பார்கள். விவசாயி மட்டத்தைக் குறைக்கச் சொல்வார், டிராக்டர் இறங்க வேண்டுமே. பறவைக்காரர்கள் உயர்த்தச் சொல்வார்கள், ஈர மண்ணில்தான் அதன் அலகு இறங்கும். எந்தப் பறவை என்றால் கருவால் மூக்கன், டச்சில் க்ருட்டோ, 2015-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அந்த நாட்டின் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுத்தது. அதே இனம் குளிர்காலத்தில் நம் நாட்டுச் சதுப்புகளுக்கும் வருகிறது. புல்வெளியில் முட்டையிடும் இந்த மாதிரிப் பறவைகளை அவர்கள் ‘வெய்டெஃபோகல்’ என்று ஒரே சொல்லில் சொல்கிறார்கள், மேய்ச்சல்நிலப் பறவை. இது உயிரியல் வகை இல்லை, இடத்தை வைத்த வகை. ஆங்கிலத்தில் ‘மெடோ பேர்ட்ஸ்’ என்றால் கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் ஒரு நாட்டின் கொள்கையே அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது என்பது வருவதில்லை.

இந்த மட்டச் சண்டை நமக்குப் புதிதா? எங்கள் அப்பா ஊர் மேலூர்ப் பக்கம். கண்மாய் உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் இடத்தில், உழுது போட்டிருப்பவர் மடையைத் திறந்துவிடச் சொல்வார், ஆயக்கட்டுக்காரர் ஒரு சாண்கூட இறங்கக் கூடாது என்பார், நடுவில் நீர்பாய்ச்சி நிற்பார். தாத்தா கரையில் நின்று பேசிய சொற்கள்: உள்வாய், கரை, மடை, கலுங்கு, மறுகால். கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் தண்ணீர் மறுகாலில் ஓடி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. இதை ஆங்கிலத்தில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? கண்மாய் ‘டேங்க்’, கலுங்கு ‘சர்ப்ளஸ் வியர்’, மறுகால் ‘சர்ப்ளஸ் கோர்ஸ்’. சர்ப்ளஸ் என்றால் மிச்சம், தேவைக்கு மேல் இருப்பது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்து நிலம் பற்றிய ஒரு ஆங்கில அறிக்கையை மொழி பார்த்துத் தரச் சொல்லி ஒருவர் கொடுத்தார். அதில் ‘வறண்ட சர்ப்ளஸ் கோர்ஸ் ஒன்று மனையின் வழியே செல்கிறது’ என்று ஒரு வரி, அடுத்த பக்கத்தில் அதை மூடிவிடலாம் என்று பரிந்துரை. எழுதியவர் கெட்டவர் இல்லை. வறண்டதும் மிச்சமுமான ஒன்று எதற்கு என்று அந்த ஆங்கிலம் அவரை நினைக்க வைத்துவிட்டது. மறுகால் என்று எழுதியிருந்தால், கீழ் ஊர்க் கண்மாய்க்கு வரத்தே அதுதான் என்று இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் மொழியைத் திருத்துவதோடு நிற்காமல், அந்த வரிக்குப் பக்கத்தில் மறுகால் என்று தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, இது மிச்சத் தண்ணீர் போகும் வழி அல்ல, அடுத்த கண்மாயின் வரத்துக்கால் என்று குறிப்புப் போட்டு அனுப்பினேன். கடைசி வடிவத்தில் அந்தக் குறிப்பு இருந்ததா என்று எனக்குக் காட்டவில்லை.

தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், மாடக்குளம் என்று ஊர்ப் பெயரெல்லாம் குளமாக இருக்கும் நகரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர்கள் இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புறம்போக்கு என்ற சொல்லை அவர்களால் பெயர்க்க முடியவில்லை. தீர்வைக் கணக்குக்கு வெளியே ஊர்ப் பொதுவுக்கு என்று விட்ட நிலம் அது: மேய்ச்சல், மந்தை, வாய்க்கால், சுடுகாடு, கண்மாய். ‘வேஸ்ட் லேண்ட்’ என்று சில இடத்தில் எழுதிப் பார்த்தார்கள், அந்தக் கெடுதல் இன்றுவரை தொடர்கிறது. ஆனால் சட்டத்திலும் வருவாய்ப் பதிவிலும் ‘பொறம்போக்’ என்றே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டார்கள். பட்டா, நத்தம், குடிமராமத்து எல்லாம் அப்படியே ஆங்கிலத்துக்குள் போயின. அதனால்தான் இன்றைக்கும் ஒரு வழக்கில் நீர்நிலைப் புறம்போக்கு என்றால் ஆங்கிலத் தீர்ப்பிலும் அதே சொல்லோடு அதே பொருள் நிற்கிறது. டச்சுச் சொற்களை நான் அப்படியே வைத்துவிட்டு விளக்குவதற்குத் துணிச்சல் அங்கிருந்துதான் வந்தது. ஆங்கிலமும் இதற்குப் பழகிய மொழிதான், கரை கட்டித் தண்ணீரை இறைத்து எடுத்த நிலத்துக்குச் சொல்லும் போல்டர் என்ற சொல்லை அவர்கள் பெயர்க்காமல் எடுத்துக்கொண்டார்கள், ‘லேண்ட்ஸ்கேப்’ என்பதே டச்சு ஓவியர்களின் லாண்ட்ஸ்காப் போய்ச் சேர்ந்ததுதான். நாமும் அவர்களிடமிருந்து துட்டு வாங்கியிருக்கிறோம், அவர்களுடைய டாய்ட் என்ற செப்புக்காசின் பெயர் அது, நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் வியாபாரம் செய்த காலத்தில் வந்தது.

அரிட்டாபட்டி விஷயத்திலும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2022-ல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக ஊரே திரண்டு 2025 ஜனவரியில் அது ரத்தானபோது உங்கள் பத்திரிகையும் நன்றாக எழுதியது. ஆனால் இடையிடையே ‘சரணாலயம்’ என்று வந்துகொண்டே இருந்தது. சரணாலயம் என்பது 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம், உள்ளே போவதற்கும் மேய்ப்பதற்கும் கட்டுப்பாடு. பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்பது 2002-ஆம் வருடத்து வேறு சட்டம், அந்த ஊர் மக்கள் வழக்கமாகச் செய்துவரும் விவசாயத்தையும் மேய்ச்சலையும் அது தடுக்காது, அவர்களாக ஒப்புக்கொண்டால் ஒழிய. சரணாலயம் என்று பத்திரிகையில் படித்த ஒரு ஆட்டுக்காரர் இனிமேல் மலையடிவாரத்துக்குப் போகலாமா என்று பயப்படுவார், அந்தப் பயத்தை வைத்து அவரை எதிர்ப்பக்கம் இழுப்பதும் சுலபம். நான் நூறு ஏக்கர் புல்வெளியைக் காடாக்கிய அதே தவறுதான் இது, இங்கே பாதிப்பு நம் ஆட்களுக்கு.

கட்டுரை முடிவில் அடுத்த வாரம் ‘நதிக்கு இடம்’ திட்டம் பற்றி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் தலைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. டச்சில் ரைம்டே என்றால் வீட்டில் ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறதா என்று கேட்கும் அதே ‘இடம்’, ஆங்கிலத்திலும் ‘ரூம்’ என்று நன்றாகவே வந்தது. இதே ரைம்டேயிலிருந்து வரும் ரைம்டெலெக்கெ ஓர்டெனிங் மட்டும் ஆங்கிலத்தில் ‘ஸ்பேஷியல் பிளானிங்’ என்று கேட்கிறவருக்கு விண்வெளி மாதிரி ஆகிவிட்டது, அது வந்தால் ‘நில ஒழுங்கு’ என்று எளிமையாகப் போட்டுவிடலாம். 1993, 1995 இரண்டு வருடமும் ஆறுகள் பெருகின, 1995-ல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோரை வீட்டை விட்டு வெளியேற்றினார்கள், அதற்கப்புறம்தான் கரையை உயர்த்திக்கொண்டே போவதை நிறுத்தி, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். நைமேகன் நகரத்தில் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள், வீடுகளை எடுக்க வேண்டி வந்தது. அதையும் எழுதுங்கள், நோகாமல் நடந்த காரியம் இல்லை அது.

அந்தக் கட்டுரையில் ஆய்ட்டர்வார்ட் என்று ஒரு சொல் கட்டாயம் வரும். ஆற்றுக்கும் பெரிய கரைக்கும் நடுவில் இருக்கும் நிலம், வெயில் காலத்தில் மாடு மேயும், வெள்ளம் வந்தால் ஆறு எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘ஃப்ளட்பிளெயின்’ என்று இருக்கும், அதைப் பார்த்து ‘வெள்ளச் சமவெளி’ என்று போட்டுவிடாதீர்கள். கரைக்கு வெளியே வெள்ளம் பரவும் ஊர்களையும் அந்தச் சொல் சேர்த்துக்கொள்ளும். கொள்ளிடக் கரையில் இருப்பவர்கள் அந்த நிலத்தைப் படுகை என்பார்கள். படுகை என்றே போடுங்கள், அவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மொழிபெயர்ப்பாளர், கே.புதூர், மதுரை.